ஆலயமே அரங்கம்

நாடகம் என்றதும் மேடையும் திரையும் வண்ண விளக்குகளும் நம் கண்முன் வந்து நிற்கும். ஆண்டு விழாவுக்காக அட்டையை வெட்டி வண்ணம் பூசிக் கதவு செய்கிறோம் அல்லவா? இவை எதுவுமின்றி, ஆலயத்தையே அரங்கமாக்கியவர்கள் இடைக்கால ஐரோப்பாவில் வாழ்ந்தார்கள்.

ஏறத்தாழ கி.பி. 970-இல் இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்ட் துறவிகளுக்கென ஓர் ஒழுங்கு நூல் தொகுத்தார். உயிர்ப்புத் திருநாள் விடியற்காலைச் செபத்தில் செய்ய வேண்டியது அதில் இருக்கிறது. வெள்ளங்கி அணிந்த துறவி ஒருவர் கையில் குருத்தோலையுடன் கல்லறையருகே அமர்வார். மூவர் தூபக்கலசம் ஏந்தி, எதையோ தேடுபவர்போல் தயங்கித் தயங்கி வருவர். யாரைத் தேடுகிறீர்கள் என்று அவர் இலத்தீனில் பாட, நாசரேத்தூர் இயேசுவை என்று இவர்கள் பாடுவர். வெறும் துணியை எடுத்துக் காட்டியபின் மணிகள் எல்லாம் ஒருங்கே ஒலிக்கும். அந்த மூன்று பெண்களாக வந்தவர்களும் ஆண்களே!

பின்னர் 14-ஆம் நூற்றாண்டில், இலண்டனுக்கு அருகிலிருந்த பார்க்கிங் கன்னியர் மடத்தில், கன்னியரே அம்மூவராக நடித்தனர். மக்களின் பக்தி குளிர்ந்துவிட்டதைக் கண்ட மடத்தலைவி கேதரின் செய்த ஏற்பாடு இது. அங்கே இன்னொரு காட்சியும் உண்டு. கன்னியர் அனைவரும் மகதலா மரியாள் சிற்றாலயத்துள் சென்று கதவை அடைத்துக்கொள்வர். மீட்பருக்காகப் பாதாளத்தில் காத்திருந்த முன்னோர்கள் அவர்களே. குரு வெளியே நின்று சிலுவையால் மும்முறை கதவைத் தட்டுவார். கதவு திறக்கும், குருத்தோலையும் மெழுகுதிரியும் ஏந்தி வரிசையாக வெளியே வருவர்.

இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர்த் திருவூடல் விழா நினைவுக்கு வந்தது. மாட்டுப் பொங்கலன்று அண்ணாமலையாருடன் ஊடிய அம்மன் கோவிலுக்குள் போய்விட, கதவு சாத்தப்படும். சுந்தரர் தூது போவார், பயனிராது. சுவாமி அன்றிரவு குமரக்கோவிலில் தங்கி, மறுநாள் மலையை வலம் வந்த பின்னரே ஊடல் தீரும். அங்கும் நடிப்பது மெய்யான கதவுதான்.

"இறைவன் இல்லத்தில் நடிக்கலாமா?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சிற்றாலயத்தில் அடைபட்டிருந்த கன்னியரை யார் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. அவர்களும் எதையும் பார்க்கவில்லை. தட்டும் ஓசையை மட்டுமே கேட்டார்கள். நம் அட்டைக் கதவைத் தட்டினால் அந்த ஓசை வருமா?

1539-இல் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் அந்த மடம் மூடப்பட்டு, பின்னர் ஆலயமும் இடிக்கப்பட்டது. அந்தக் கதவு இப்போது இல்லை. மடத்தின் வாயிற்கோபுரம் ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது.