மலக்குடல் புற்றுநோய்: நோய் உறுதியான பின்னும் ஸ்கேன் எதற்கு?

திசுப் பரிசோதனையில் மலக்குடல் புற்றுநோய் உறுதியான பின்னரும் ஸ்கேன்கள் ஏன் என்று குடும்பத்தினர் பலர் வினவுகின்றனர். நோய் இன்னதென்று திசுப் பரிசோதனை கூறும். அது எவ்வளவு ஆழம் ஊடுருவியுள்ளது, எங்கெல்லாம் பரவியுள்ளது என்பதை ஸ்கேன்களே காட்டும். முதலில் எச்சிகிச்சை என்பது இவற்றைப் பொறுத்தே அமையும்.

இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ.: மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பும், அதைப் போர்த்திய மெல்லிய உறையும் உள்ளன. அறுவை சிகிச்சையில் இவ்வுறையோடு சேர்த்தே மலக்குடல் அகற்றப்படுகிறது. கட்டி உறைக்கு 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவான தொலைவில் இருந்தால், உடனடி அறுவையில் நோய் எஞ்சிவிடக்கூடும். அத்தகையோருக்குப் பெரும்பாலும் முதலில் கதிர்வீச்சும் கீமோதெரபியும் அளித்துக் கட்டியைச் சுருக்குகிறோம். பின்னர் மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து அடுத்த முடிவை எடுக்கிறோம். அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும், ஆசனவாய்த் தசையைக் கட்டி தொட்டுள்ளதா என்பதையும் இதிலேயே காணலாம்.

சி.டி. ஸ்கேன்: இந்நோய் பரவும்போது பெரிதும் நாடும் உறுப்புகள் கல்லீரலும் நுரையீரலும் ஆகும். ஆகவே மார்பையும் வயிற்றையும் ஆராய்கிறோம்.

மலக்குடல்வழி அல்ட்ராசவுண்ட்: குடற்சுவரைத் தாண்டாத தொடக்கநிலைக் கட்டிகளை அளவிட உதவும்.

ஸ்கேனுக்கு முன் தெரிவிக்க வேண்டியவை: பேஸ்மேக்கர் அல்லது உடலில் உலோகப் பொருள்கள், சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, கர்ப்பம், உட்கொள்ளும் நீரிழிவு மாத்திரைகள்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிர்கள் இல்லை. ஒலி மிகுதியாக இருக்கும், அசையாது படுத்திருத்தல் வேண்டும். இதற்காகக் காத்திருக்கும் சில நாள்கள் வீணல்ல. சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதற்கானவை.