பால் டின்னும் நர்ஸ் உடுப்பும்

வியாபாரத்திற்கு விளம்பரம் அவசியமே. ஆனால் கெடுதலை நன்மையென்று காட்டும் விளம்பரம் எவ்வாறு உருவாகிறது, அதில் கடைக்காரரின் பங்கு என்ன என்பதை வணிகராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும். இம்மண்ணில் நடந்த ஒன்றையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நீலாய் வட்டாரம் போன்ற ரப்பர்த் தோட்டங்களில் அக்காலத் தாய்மார்கள் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். அதன் பசிக்கு வந்து சேர்ந்தது இனிப்பூட்டிய டின் பால். அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. கொழுப்பு நீக்கிய வகையிலோ, குழந்தையின் கண்ணுக்கும் எலும்புக்கும் வேண்டிய ஏ, டி வைட்டமின்கள் போதாது. இங்கிலாந்தில் அவ்வகை டின்னின்மீது ‘குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்று அச்சிடச் சட்டம் இருந்தது. மலாயாவிலோ குழந்தைக்கு உகந்ததென்றே விளம்பரம் செய்தார்கள். நர்ஸ் உடுப்பணிந்த பெண்களைக் கம்பெனிகள் தாய்மார்களிடம் அனுப்பின.

1936 முதல் மலாயாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். இத்தகைய பிரசாரத்தால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையென்றே கருதவேண்டும் என்று அந்தச் சபையிலேயே சொன்னார்.

ஆயினும், தாய்ப்பாலுக்கு மாற்றான பால்வகைகளின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் விதிமுறை 1981 மே மாதத்தில்தான் நிறைவேறியது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே. இடையில் 42 ஆண்டுகள்! லாபம் காண்போரின் கை எவ்வளவு நீளமானது பாருங்கள். இந்த விஷயத்தில் ஓயாது குரல் கொடுத்தது பினாங்குப் பயனீட்டாளர் சங்கம். அதைப் பல்லாண்டு தலைமை தாங்கி நடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் அவர்கள், நம்மைப் போன்ற தமிழ் முஸ்லிம் வணிகரே.

இதிலிருந்து நாம் கண்டுகொள்ள வேண்டிய அடையாளங்கள் மூன்று:

1. சரக்கைப் புகழ்பவர் வைத்தியர் வேடத்தில் வருவார்.

2. முதல் டின் இலவசமாக வரும். தாய்ப்பால் வற்றியபின் அடுத்த டின்னுக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

3. ஒரு நாட்டில் எச்சரிக்கையோடு விற்கும் பொருள், மற்றொரு நாட்டில் புகழ்ச்சியோடு விற்கும்.

கம்பெனியின் விளம்பரம் எங்கோ எழுதப்படுகிறது. அதை நம்பலாமா என்று தாய் கேட்பது நம் கடையில்தான். சரக்கின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. ஆகவே டின்னைக் கேட்கும் பெண்மணியிடம், “இது தேநீருக்கு, அம்மா, கைக்குழந்தைக்கு வேண்டாம்” என்று சொல்லிவிடுவோம். ஒரு டின் விற்பனை குறைந்தாலும், அந்த வீட்டார் நம் கடையை நம்புவார்கள்.