தூய்மையின் அளவுகோல் எது? (ஜும்ஆ உரை)

  

 

குபாவில் வாழ்ந்த மக்களைத் தூய்மையை விரும்புகிறவர்கள் என்று அல்லாஹ் திருமறையில் (9:108) புகழ்கிறான். அவர்கள் மலஜலம் கழித்த பின் தண்ணீரால் சுத்தம் செய்யும் பழக்கம் உடையவர்களாக இருந்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் காரணம் சொல்கின்றன. அந்தப் புகழைப் பெற்றுத் தந்த பொருள் வெறும் தண்ணீர்தான்.

இன்று நம் வீட்டுக் குளியலறை அலமாரியைப் பாருங்கள். கழிப்பறைக்கு ஆசிட், தரைக்கு பினாயில், துணிக்கு வெளுப்பான், முகத்துக்கு சிவப்பழகு க்ரீம், தலைக்குக் கருப்பு டை. இவ்வளவும் தூய்மையின் பெயரால்தான் வீட்டுக்குள் வந்தன. நம் தூய்மைக்கு அளவு வைத்தது ஷரீஅத்தா, விளம்பரமா என்பதை இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

கறை தங்கினால் குற்றமில்லை

கவ்லா பின்த் யஸார் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம்மிடம் ஒரே ஓர் ஆடைதான் இருப்பதாகவும் அதில் மாதவிடாய் இரத்தம் பட்டுவிடுவதாகவும் சொன்னார்கள். கழுவிக்கொள்ளும்படி நபியவர்கள் கூறினார்கள். கழுவியும் கறை போகாவிட்டால் என்ன செய்வது என்று அந்த அம்மையார் கேட்டபோது, தண்ணீரால் கழுவியதே போதும், மிஞ்சிய அடையாளத்தால் குற்றமில்லை என்ற கருத்தில் நபியவர்கள் பதில் தந்தார்கள் (அபூதாவூத்). போக்குவதற்குச் சிரமமான நிறம் எஞ்சியிருந்தால் அது மன்னிக்கப்படும் என்று ஃபிக்ஹ் நூல்களும் சொல்கின்றன.

எவ்வளவு பெரிய சலுகை இது! நஜீஸ் நீங்கியதா என்பதுதான் கேள்வி. பளபளக்கிறதா, நுரை வருகிறதா, பூ வாசம் வீசுகிறதா என்பதெல்லாம் கடைக்காரர் வைத்த அளவு. ஷரீஅத் மன்னித்த ஒரு மஞ்சள் கறைக்காக மூச்சை அடைக்கும் ஆசிட்டை ஊற்ற வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

மலப்புறம் தந்த பாடம்

கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் இந்த நோயின் அரிதான ஒரு வகை காணப்பட்டது. விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று தெரியவந்தது. பெரும்பாலானவர்களுக்கு க்ரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது.

இது எப்படி நடக்கிறது? இத்தகைய க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுப்பதால் முகம் சில வாரங்களில் வெளுக்கிறது. பூசியவர் மகிழ்கிறார். ஆனால் பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. பிறகு காலும் முகமும் வீங்குகின்றன. வேறு சில க்ரீம்களில் ஸ்டீராய்டு மருந்து இருக்கும். அதைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும்.

அன்பிற்குரியவர்களே! அந்த க்ரீமை வாங்கிய பெண்ணை மட்டும் குறை சொல்லாதீர்கள். பெண் பார்க்கப் போன வீட்டில், "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொன்னது யார்? நம் வீட்டுப் பெரியவர்கள்தானே? மனிதர்களின் நிறங்கள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் எண்ணுகிறான் (30:22). அவன் அத்தாட்சி என்று சொன்னதை நாம் குறை என்று பேசினோம். அந்தப் பேச்சு ஒரு பிள்ளையின் சிறுநீரகம் வரை போய்விட்டது.

மருதாணியிலும் கவனம் தேவை. அரைத்த மருதாணி ஆரஞ்சும் செம்பழுப்புமாகத்தான் சிவக்கும். உடனே கன்னங்கரேல் என்று பிடிக்கும் கோனில் தலைமுடி டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். அது தோலைக் கொப்பளிக்க வைக்கும். பெருநாள் இரவில் பிள்ளைகளின் கையில் அதை வைக்காதீர்கள்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

இன்னும் பளிச்சென்று ஆகட்டும் என்று கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் ஆசிட்டையோ ஆசிட் கலந்த கிளீனரையோ ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915-ஆம் ஆண்டு மனிதர்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. ஜன்னல் இல்லாத சின்னக் கழிப்பறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சில்லறையாக வாங்கிய ஆசிட்டையும் பினாயிலையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம். தாகத்தில் வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. தப்பித்தவறி குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஏறி வரும் ஆசிட் தொண்டையை இரண்டாம் முறை எரிக்கும். அந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். உங்கள் கைகளாலேயே அழிவில் விழாதீர்கள் என்ற இறைக்கட்டளை (2:195) இங்கும் பொருந்தும்.

நாம் ஊற்றியது எங்கே போகிறது?

தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்த சட்டம் (இப்னு மாஜா). தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே அவர்கள் தடுத்தார்கள் (முஸ்லிம்). அடுத்தவர் புழங்கும் நீரைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட மார்க்கம் இது.

செப்டிக் டேங்கில் கழிவை மட்கச் செய்வது பாக்டீரியா என்ற நுண்ணுயிர். தினமும் ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஊற்றினால் அது செத்துவிடும், தொட்டி சீக்கிரம் நிரம்பும். அங்கிருந்து ஊறும் நீர் அண்டை வீட்டுக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போகலாம். நம் பெண்ணாடத்தை ஒட்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலோடு சேர்கிறது. முகத்திலிருந்து கழுவிவிட்ட பாதரசம் நீர்நிலைகளில் சேர்ந்து மீனின் உடலில் ஏறுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் அப்படி மீன் சாப்பிட்ட மக்களுக்கு வந்த நரம்பு நோய் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே பாதரசத்தைக் கடலில் விட்டது ஒரு ஆலை. கடலூர் சிப்காட் ஆலைகளின் கழிவைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. நம் வீட்டுச் சாக்கடையைப் பற்றியும் பேச வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சோப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோப்பு போட்டுக் கை கழுவுவது பிள்ளைகளை வயிற்றுப்போக்கிலிருந்து காக்கிறது. குடிநீருக்கு அளவாகக் குளோரின் போடுவதும் அவசியம். தேவைக்கு மேல் போவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

கழிப்பறையைத் தினமும் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தினமும் தேய்த்தால் ஆசிட் கேட்கும் அளவுக்குக் கறை ஏறாது. உப்புக்கறைக்கு எலுமிச்சையோ வினிகரோ போதும், ஆனால் அவற்றையும் பிளீச்சிங்கோடு கலக்கக் கூடாது. பித்தளைக்குப் புளி, மென்மையான துணிக்குப் பூந்திக்கொட்டை, தலைக்குச் சீயக்காய், அரப்பு என்று நம் பாட்டிமார் புழங்கியவை இன்றும் கடையில் கிடைக்கின்றன. ஜனாஸாவைக் குளிப்பாட்ட இலந்தை இலையைத் தேடுகிறோமே, அதுவும் நபியவர்கள் காட்டித் தந்த சுத்தப் பொருள்தான் (புகாரி).

முகவரியும் உரிம எண்ணும் இல்லாத க்ரீமை வாங்காதீர்கள். வாங்கியது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பல நாள் பூசியிருந்தால் மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீரைப் பரிசோதியுங்கள்.

பள்ளிவாசலிலும் வீட்டிலும் கழிப்பறை கழுவ வருகிறவருக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஆசிட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு நாம் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொள்வது முஸ்லிமின் பண்பாகாது.

உடலையும் ஆடையையும் இல்லத்தையும் தூய்மையாக வைத்து, அதன் பெயரால் எவருக்கும் தீங்கு செய்யாத நன்மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! நோயுற்றவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.