தெஹியோவிட்டச் சாரலில் ஒரு தொன்மைச் செடி

அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது தெஹியோவிட்ட. இறப்பரும் தேயிலையும் வளரும் இவ்வீரவலயத்தில், மலையை வெட்டி வீதியமைத்த செம்மண் மேடுகளிலும், நீர் கசியும் கான் ஓரங்களிலும் தழைக்கும் சிறு செடியொன்று உண்டு. தாவரவியல் வகுப்பிலே நாம் படமாகக் கண்டு மறந்த இலைக்கோபோடியமே அது. அதனை இனங்காணும் முறையையும் வளர்க்கும் வழியையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

பார்வைக்கு இது சிறியதொரு சவுக்கு மரக்கன்று போலத் தோன்றும். நிமிர்ந்த தண்டு முழங்கால் உயரம் வரை எழுந்து பலவாறு கிளைக்கும். ஊசி போன்ற மெல்லிய இலைகள் அதனைச் சூழ்ந்திருக்கும். கிளை நுனிகளில் வெளிறிய மஞ்சள் நிறக் கூம்பிகள் தலைகுனிந்து தொங்கும். இக்குனிவு கண்டே இலின்னேயசு 1753இல் இதற்குச் ‘சேர்னுவம்’ என்ற சிறப்புப் பெயரிட்டார். ‘முகங்கவிழ்ந்தது’ என்பது அதன் பொருள். பின்னர் இதனை இலைக்கோபோடியெல்லா என்னும் சாதியில் அடக்கினர்.

இதனைப் பாசியென மயங்குதல் கூடாது. பாசிக்கு உண்மையான வேரும் கலனிழையமும் இல்லை. இதற்கு இரண்டும் உண்டு. அயலில் வளரும் செலாசினெல்லாவிலிருந்து பிரித்தறிவதும் எளிது. செலாசினெல்லா இனங்கள் பலவற்றின் கிளைகள் தட்டையானவை, இலைகள் சிறிதும் பெரிதுமாக இருவகைப்படும், வித்திகளும் இருவகையின. இலைக்கோபோடியத்தின் வித்திகளோ ஒரே வகையின.

இதன் குலப்பெருமை வியத்தற்குரியது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் உறவினங்கள் 30 மீற்றருக்கு மேலும் ஓங்கிய மரங்களாய்ச் சதுப்புக் காடுகளில் நின்றன. அவற்றின் எச்சங்களே நிலக்கரியிற் பெரும்பங்காயின.

இச்செடியைப் பிடுங்கி வீட்டில் நட்டோர் பலர் சில வாரங்களில் அது கருகக் கண்டிருப்பர். காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. வித்தி முளைத்து நேரே செடியாவதில்லை. முதலில் சில மில்லிமீற்றர் அளவான புணரித்தாவரம் தோன்றுகிறது. சாவகத்துப் புயித்தன்சோர்க்குத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த மெல்கியோர் திரேயுப்பு என்னும் ஒல்லாந்து அறிஞர், 1884இல் இதனை விரிவாக விளக்கினார். அதன் மேற்பகுதி பச்சை நிறமுடையது. கீழ்ப்பகுதியிலோ பங்கசு குடியிருக்கிறது. ஆகவே, வித்தி தூவி இச்செடியை வளர்த்தல் மிகக் கடினம்.

எளிய வழி பதியமிடுதலே. இச்செடியின் படர்தண்டு வளைந்து சென்று மண்ணைத் தொடுமிடத்தில் வேரூன்றும் இயல்பினது. தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே அத்தண்டின் நுனியை, அவ்விடத்து மண்ணையே நிரப்பிய சட்டியில் அழுத்தி வைத்தல் வேண்டும். வேர் நன்கு பிடித்து, புதுத்தளிர் எழுந்த பின்னரே தண்டை வெட்டலாம். அமில மண்ணும் மழைநீரும் நல்ல ஒளியும் இதற்கு இன்றியமையாதவை. சுண்ணாம்பும் உரமும் ஆகா. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீரை வார்த்து இதனை வளர்க்க முயல்வது வீண்.

வளர்க்க விரும்புவோர் ஒரு நுனியோடு அமைதல் நன்று. வெற்று மண்ணில் முதலில் குடியேறி, மழைத்துளியின் தாக்கத்திலிருந்து மேன்மண்ணைக் காக்கும் செடிகளுள் இதுவும் ஒன்று. அலங்காரத்துக்கென அள்ளிக்கொண்டு போனால், மேட்டின் மண் அடுத்த மழையிலே கானை அடைக்கும். அடைபட்ட கான் நீரைச் சரிவினுள்ளே திருப்பும். 2016 மே 17ஆம் நாள் அரநாயக்காவிலும் புளத்கொகுப்பிட்டியாவிலும் நேர்ந்த மண்சரிவுகளைக் கேகாலை மாவட்டம் மறக்கவில்லை. பெருஞ்சரிவைத் தடுக்கும் வலிமை இச்சிறு செடிக்கு இல்லை. ஆயினும், அதனைத் தேடி மேட்டருகே செல்லும் மாணவன், நிலத்திற் புதுவெடிப்பையோ, சாய்ந்த மரத்தையோ, திடீரெனக் கலங்கலாய்ப் பாயும் ஊற்றையோ காண்பானாயின், செடியை மறந்து உடனே விலகி, கீழேயுள்ள லயத்து மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் அறிவித்தல் வேண்டும். ஊன்றி நோக்கும் பழக்கமே தாவரவியல் நமக்குத் தரும் முதற்கல்வி. அக்கல்வி அயலார் உயிர்காக்கவும் உதவுமாயின், கற்றதன் பயன் அதனினும் வேறுண்டோ?