நம்பிக்கைகளும் உண்மைகளும்: ‘டக்’ என்றால் கியர் பாக்ஸ் போச்சா?

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டதும் ‘டக்’கென்று ஒரு சத்தம். கியர் பல் உடைகிறது என்று பயந்துபோய் மெக்கானிக்கிடம் ஓடுபவர்கள் ஏராளம். உண்மையில் அங்கே பல்லோடு பல் மோதுவதே இல்லை. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் ஒவ்வொரு கியரின் ஜோடிப் பற்சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. கியர் மாறும்போது, பற்சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ‘டாக்’ எனப்படும் கட்டையான முட்டுகள் அடுத்த சக்கரத்தின் குழிகளில் போய் மாட்டிக்கொள்கின்றன. கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் ஊறியவை. இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கெட்டியாக இருப்பதால், கிளட்சைப் பிடித்தாலும் அவை சட்டென்று பிரியாது. இன்ஜின் பக்கத்துத் தண்டு சுற்றிக்கொண்டிருக்கும், பின்சக்கரத்தோடு இணைந்த தண்டு அசையாமல் நிற்கும். இவை இரண்டும் திடீரென்று கோக்கும் சத்தம்தான் அந்த ‘டக்’. இன்ஜின் சூடானதும் குறைந்துவிட்டால் கவலையே வேண்டாம்.

சூடான பிறகும் குறையவில்லை, சிக்னலில் நியூட்ரல் விழ மறுக்கிறது, கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் நகரப் பார்க்கிறது என்றால் கோளாறு உண்டு. “கிளட்ச் பிளேட் போச்சு” என்று அப்போது முதல் வார்த்தையாக வரும் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. தேய்ந்த பிளேட் வழுக்கும். ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறும், வேகம் ஏறாது, மேட்டில் வண்டி திணறும். கியர் விழாதது இதற்கு நேர் எதிரான சங்கதி, கிளட்ச் முழுசாக விடுபடாததால் வருவது. முதலில் பார்க்க வேண்டியது கேபிளை. பல கம்யூட்டர் வண்டிகளில் கிளட்ச் லிவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். அது கூடிவிட்டால் கியர் முரண்டு பிடிக்கும். தளர்வே இல்லாவிட்டால் பிளேட் வழுக்கி வழுக்கித் தேயும். ஒரு நட்டைத் திருகினால் முடிகிற வேலைக்கு இன்ஜின் கவரைக் கழற்றுவது அநியாயம்.

“கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும்” என்பது இன்னொரு நம்பிக்கை. பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டியில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் பிளேட்டுகள் இன்னும் ஒட்டிக்கொள்ளும், முதல் கியர் இன்னும் பலமாக இடிக்கும். வீட்டில் மிஞ்சிய கார் ஆயிலை ஊற்றுவது அதைவிட மோசம். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகச் சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. கிளட்ச் பிளேட்டுக்கோ உராய்வுதான் உயிர். இதற்காகவே ஜப்பானில் 1998இல் டி 903 என்ற தர அளவு கொண்டுவரப்பட்டது. கேனின் பின்புறம் ‘ஜாஸோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்று இருந்தால் அது ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது. ‘எம்.பி.’ என்று இருந்தால் கியர் பைக்குக்கு வேண்டாம்.

பழைய புல்லட்டின் கதை தனி. 1955இல் சென்னையில் உருவாகத் தொடங்கிய அந்த வண்டிக்கு கியர் பாக்ஸ் தனிப் பெட்டி, அதற்குத் தனி மசகு. நியூட்ரல் பிடிக்க மட்டுமே காலுக்கு ஒரு தனி லிவரும் இருந்தது. அந்த வண்டியில் கைபழகிய வைத்தியத்தை இன்றைய வண்டியில் செய்து பார்ப்பதுதான் பல சிக்கல்களுக்கு ஆரம்பம்.

எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது செயின். ‘செயின் அடிக்குது’ என்றதும் இறுக்கிவிடுவது வழக்கம். இறுக்கியவுடன் சத்தம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஆள் ஏறி உட்கார்ந்து, பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. தளர்வு இல்லாத செயின் அப்போது நரம்பாக விறைத்து, கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டின் பேரிங்கையும் ஆயில் சீலையும் இழுத்து நாசம் செய்கிறது. பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தளர்வு சொல்லப்பட்டிருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் உண்டு. அளப்பதற்கும் முறை இருக்கிறது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடங்களில் செயினை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் தொளதொளவென்றும் இன்னோரிடத்தில் விறைப்பாகவும் இருந்தால் செயின் சீரில்லாமல் தேய்ந்துவிட்டது. அதை எந்த அளவில் இறுக்கினாலும் சரிவராது.

இந்த நிலையில் சில பட்டறைகளில் நடக்கும் ‘லிங்க் கட்’ வைத்தியத்தைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். நீண்ட செயினிலிருந்து இரண்டு கண்ணிகளை எடுத்துவிட்டால் புதுசு போல ஆகிவிடும் என்கிறார்கள். செயினின் தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, அந்தத் தேய்மானம் எல்லாம் சேர்ந்துதான் நீளமாகத் தெரிகிறது. கம்யூட்டர் வண்டிகளில் பரவலாக உள்ள 428 செயினில் பின்னுக்குப் பின் 12.7 மில்லிமீட்டர். 21 பின்களை எண்ணி, விறைப்பாகப் பிடித்து அளந்தால் 254 மில்லிமீட்டர் வர வேண்டும். 259ஐத் தொட்டால் இரண்டு சதவீதம் தேய்ந்தாயிற்று. கண்ணியைக் குறைத்தாலும் மிச்சமுள்ள ஒவ்வொரு கண்ணியும் பல்சக்கரத்தின் பல்லோடு பொருந்தாமல் பல்லைக் கொக்கி மாதிரி வளைத்துத் தின்றுகொண்டேதான் இருக்கும். அளவு நாடா இல்லாவிட்டால், பின்பல்சக்கரத்தின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பார்க்கலாம். பாதிப் பல் வெளியே தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது செயின், முன்பல்சக்கரம், பின்பல்சக்கரம் மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும். கோவை எல்.ஜி.பி. நிறுவனத்தின் ரோலான், சென்னை டி.ஐ. நிறுவனத்தின் டயமண்ட் என்று நம் ஊரிலேயே செயின் செய்கிறார்கள், நல்ல செட்டுக்குப் பஞ்சமில்லை. செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கிறதா என்பதையும் நின்று பார்த்துவிட்டே வண்டியை எடுக்க வேண்டும்.

கழிவு ஆயிலைச் செயினில் விடுவதும் நல்லதல்ல. அதில் இன்ஜினில் தேய்ந்த உலோகத் துகள் கலந்திருக்கும். ரப்பர் வளையம் வைத்த செயினைப் பெட்ரோல் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் வளையம் கெட்டு, உள்ளே அடைத்த கிரீஸ் வெளியேறிவிடும்.

ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் ‘டொக்’கென்று இடித்தால் அதற்கும் கியர் பாக்ஸைக் குற்றம் சொல்கிறார்கள். பின்சக்கர ஹப்பில் இருக்கும் கப்ளிங் ரப்பர் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பல்சக்கரத்தை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டினால் தெரிந்துவிடும்.

சத்தம் எங்கிருந்து என்று பிரிக்க ஒரு சோதனை போதும். வண்டியில்லாத நேரான சாலையில், மிதமான வேகத்தில் கிளட்சைப் பிடித்து வண்டியை உருள விட வேண்டும். வேகத்துக்கு ஏற்பச் சத்தம் தொடர்ந்தால் செயின், பல்சக்கரம், சக்கர பேரிங் பக்கம் பார்க்கலாம். வண்டி நிற்கும்போது நியூட்ரலில் கேட்கும் சத்தம் கிளட்சைப் பிடித்ததும் நின்றால், கியர் பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் பேரிங் மேல் சந்தேகப்படலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் இன்ஜினைப் பிரிக்க யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம்.

பிரித்தே ஆக வேண்டிய நிலையும் உண்டு. ஆக்ஸிலரேட்டரைக் கொடுக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்குப் போனால், முட்டுகளின் விளிம்பு மழுங்கியிருக்கலாம் அல்லது கியர் ஃபோர்க் வளைந்திருக்கலாம். கேபிளோ ஆயிலோ அதைச் சரிசெய்யாது. ஆயிலை வடிக்கும்போது இரும்புச் சில்லுகள் தென்பட்டால் அன்றோடு வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். அந்தச் சில்லுகள் கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்கும் போகிறது.