கயிறு வரைந்த வட்டம்

எமது தோட்ட லயங்களுக்கு அருகே முளையடித்துப் பசுவைக் கட்டுவார்கள். அதே இடத்தில் பல நாட்கள் கட்டிய பின் அந்நிலத்தைக் கவனியுங்கள். கயிறு எட்டாத இடத்தில் உயர்ந்த புல். வட்டத்தினுள்ளே கட்டைப் புல். முளையடியில் வெறும் மண். மழையும் மண்ணும் ஒன்றே. வேறுபாடு மேய்ச்சலும் மிதிப்பும்தான்.

புல்லின் வளர்முனை நிலத்தை ஒட்டியிருக்கிறது. நுனியைக் கடித்தாலும் அது மீண்டும் வளரும். நுனியில் வளர்முனையுள்ள செடிகளுக்கு இழப்பு அதிகம். பசு சுவையானதைத் தெரிந்து தின்னும், முள்ளுள்ளதை விட்டுவிடும். அதனால் தொட்டாற்சுருங்கி போன்றவை போட்டியின்றிப் பரவுகின்றன.

ஹோட்டன் சமவெளியின் பத்தனாப் புல்வெளிகளில் மேய்பவை மரைகள். 1988 இல் தேசியப் பூங்காவான அங்கு, ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் எனும் மஞ்சள் பூ முட்செடி பரவியுள்ளது. முதிர்ந்த முட்கிளைகளை விலங்குகள் விரும்புவதில்லை. பிடுங்கினாலும் அதன் விதைகள் மண்ணில் பல்லாண்டு உயிரோடிருக்கும்.

மேய்ச்சல் தீயதன்று. அளவோடு மேய்ந்தால் உயர்ந்த புல் குறைந்து, சிறு செடிகளுக்கும் வெயில் கிடைக்கும். அளவு மீறினால் மண் வெறுமையாகும். மழை குறைந்த வறண்ட நாடுகளில் அந்நிலம் தேற நெடுங்காலம் செல்லும். எமது சரிவுகளிலோ அடைமழை அந்த மண்ணையே அள்ளிச் செல்லும். பிறகு புல்லுமில்லை, பாலுமில்லை.

பரிகாரம் எளிது: வட்டம் வெளுக்கும் முன் முளையை இடம் மாற்றியடிக்க வேண்டும். பூமி அல்லாஹ் எம்மிடம் தந்த அமானிதம். அதற்கும் ஓய்வு வேண்டும்.