கோலாலம்பூரிலிருந்து இலண்டனுக்கு: தொலைவும் நேரமும்



தோட்டத்துப் பிள்ளைகளும் மேற்படிப்பின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் காலம் இது. வழியனுப்பிய பெற்றோர், பிள்ளை எப்பொழுது போய்ச் சேரும் என்று கடிகாரத்தையே நோக்கியிருப்பர். அக்கணக்கை முறையாகப் போட அறிந்துகொண்டால் வீண் கவலை நீங்கும்.

முதலில் தொலைவைக் காண்போம். சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் இடையே ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். தேசப்படத்தின்மீது அடிக்கோலை வைத்து இதனைச் சரியாக அளத்தல் இயலாது. பூமி உருண்டை, படமோ தட்டை. பூகோள உருண்டையில் இவ்விரு நகரங்களையும் ஒரு நூலால் இறுக்கி இணைத்துப் பாருங்கள். நூல் வங்காள விரிகுடா, வட இந்தியா, நடு ஆசியா ஆகியவற்றைக் கடந்து ஐரோப்பாவை அடையும். அதுவே மிகக் குறுகிய வழி. போர் நடைபெறும் இடங்களை விலக்கிச் சுற்றிச் செல்ல நேரும்பொழுது, விமானம் பறக்கும் தொலைவு இன்னும் கூடும்.

இனி, பயண நேரம். போவதற்கு ஏறத்தாழ 14 மணி நேரமும், வருவதற்கு ஏறத்தாழ 13 மணி நேரமும் ஆகும். ஏன் இவ்வேறுபாடு? உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரைந்து வீசும் காற்று, போகும்பொழுது எதிர்க்கிறது; வரும்பொழுது உந்துகிறது.

கடிகாரமே நம்மை மயக்குவது. பூமி மணிக்கு 15 பாகை கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கிலுள்ள இலண்டனில் பொழுது பிந்தியே விடிகிறது. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 சனவரி முதல் நாள் தொட்டுக் கிரீன்விச் நேரத்திற்கு 8 மணி முந்தியுள்ளது. இலண்டன், குளிர்காலத்தில் கிரீன்விச் நேரத்தையே பின்பற்றுகிறது.

குளிர்காலத்தில் ஒரு விமானம் இங்கிருந்து இரவு 11 மணிக்குப் புறப்படுவதாகக் கொள்வோம். இலண்டன் கடிகாரம் காலை 5 மணி காட்டும்பொழுது அது இறங்கும். பயணம் 6 மணி நேரந்தானா? அன்று. அப்பொழுது நம் கடிகாரத்தில் பிற்பகல் 1 மணி. எனவே, நம் வீட்டில் காலை 5 மணி அடித்தும் தொலைபேசி ஒலிக்கவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. விமானம் இன்னும் 8 மணி நேரம் பறக்க வேண்டும்.

திரும்பும் விமானம் இலண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டால், மறுநாள் காலை 8 மணிக்கு இங்கு இறங்கும். கடிகாரங்கள் காட்டும் வேறுபாடு 21 மணி. போக 6, வர 21, கூட்டினால் 27. உண்மையான பயண நேரமாகிய 14, 13 ஆகியவற்றைக் கூட்டினாலும் 27! ஒரு வழியில் குறைந்தது மறுவழியில் கூடியது.

ஆகவே, நினைவில் வையுங்கள்: இரு நாட்டு நேரங்களையும் முதலில் ஒரே நாட்டு நேரத்திற்கு மாற்றுக; பின்னரே கழித்திடுக.

பயிற்சி: கோடைக்காலத்தில் இலண்டன் நம்மைவிட 7 மணியே பிந்தியிருக்கும். இரவு 11 மணிக்கு இங்கிருந்து புறப்படும் அதே விமானம், அங்கு எத்தனை மணிக்கு இறங்கும்? பெற்றோருடன் அமர்ந்து கணக்கிடுங்கள். நாளை ஒரு பயணத்திற்கு அது உதவும்.